வகுப்பறையைப் பார்த்துத் தரும் விருது



பல்கலைக்கழகத்தில் சிறப்பாகப் பாடம் நடத்துகிறவரை எப்படிக் கண்டறிவது, எப்படிப் போற்றுவது என்பதே இக்கருத்தரங்கின் பொருள். இந்தப் பேச்சு நம் நாட்டில் காலந்தாழ்ந்துதான் தொடங்கியிருக்கிறது. ஆசிரியர்களுக்கான தேசிய விருது 1958இல் ஏற்படுத்தப்பட்டது. 1962 முதல் செப்டம்பர் 5ஆம் நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். அந்த நாளுக்குரிய டாக்டர் ராதாகிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியிலும் மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்களிலும் பாடம் நடத்தியவர். ஆனாலும் அவர் பிறந்தநாளில் வழங்கப்படும் தேசிய விருது 2023இல்தான் உயர்கல்வி ஆசிரியர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அந்த ஆண்டு விருது பெற்ற 75 பேரில் 13 பேர் உயர்கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். இதை மனமார வரவேற்கிறேன்.

இத்தனை தாமதம் ஏன்? ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிவிடலாம். நெறிப்படுத்திய முனைவர் பட்டங்களையும் திட்ட நிதியையும் எண்ணிவிடலாம். ஒரு மணி நேர வகுப்பில் நடந்ததை எப்படி எண்ணுவது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரமும் பேராசிரியர் 14 மணி நேரமும் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். பணி நேரத்தின் கணிசமான பகுதி வகுப்பறையில்தான் கழிகிறது. பதவி உயர்வு நேர்காணலிலோ, நேற்று எடுத்த பாடத்துக்கு எப்படித் தயாரானீர்கள் என்று கேட்பது அரிது. பணியில் சேர்ந்த இளம் ஆசிரியர் எதற்கு மதிப்பு என்பதைச் சீக்கிரமே புரிந்துகொள்கிறார். எர்னஸ்ட் பாயர் 1990இல் அமெரிக்காவில் வெளியிட்ட அறிக்கையில், கண்டுபிடிப்பைப் போலவே கற்பித்தலும் புலமைப் பணிதான் என்று வாதிட்டார். நமக்கும் அந்த வாதம் இன்று தேவைப்படுகிறது.

விருது கொடுத்தால் மட்டும் போதுமா? எதைப் பார்த்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்திய எரிக் மசூரின் அனுபவத்தை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். மாணவர்கள் அவருக்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்து வந்தார்கள்; கடினமான கணக்குகளையும் போட்டார்கள். 1990 வாக்கில் அவர் ஓர் எளிய தேர்வு வைத்தார். கனமான லாரியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற கேள்விகள். இரண்டும் சம விசைதான். நியூட்டனின் மூன்றாம் விதி அதைத்தான் சொல்கிறது. விதியை மனப்பாடமாக ஒப்பித்தவர்களே இங்கே தடுமாறினார்கள். நீங்கள் நடத்தியபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டார்.

அந்தக் கேள்வி மசூரின் வகுப்பையே மாற்றியது. அவர் விரிவுரையை இடையில் நிறுத்தி ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் தனியே விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடைக்குக் காரணம் சொல்லி வாதாட வேண்டும். அதன்பின் மீண்டும் விடை. இந்த முறை உலகெங்கும் பரவியது. 2014இல் அவருக்கு 5 லட்சம் டாலர் மதிப்புள்ள மினர்வா பரிசு கிடைத்தது. மாணவர் பாராட்டிய காலத்தைவிட, அந்தப் பாராட்டைத் தாண்டி அவர் தம் வகுப்பைச் சோதித்த காலமே விருதுக்கு உரியது.

அதே ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. தாங்களே முயன்று சிக்கலை அவிழ்த்த மாணவர்கள், நல்ல விரிவுரையைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகவே கற்றதாக அவர்கள் நினைத்தார்கள். ஆகவே மாணவர் கருத்துப் படிவத்தை மட்டும் கூட்டிப் பார்த்து விருதாளரைத் தேர்ந்தெடுப்பது நியாயமாகாது. மாணவர் குரல் கட்டாயம் வேண்டும். அதற்குத் துணையாக வேறு சான்றுகளும் வேண்டும்.

என் முன்மொழிவு இதுதான். தேர்வுக்குழு வகுப்பறைக்குப் போக வேண்டும். ஒரு பருவத்தில் பலமுறை போய்க் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். ஆசிரியர் தயாரித்த வினாத்தாளையும், திருத்திய விடைத்தாளின் ஓரத்தில் அவர் எழுதிய குறிப்பையும் வாங்கிப் பார்க்க வேண்டும். வெறும் மதிப்பெண் போட்டவர் யார், மாணவர் எந்த இடத்தில் வழி தவறினார் என்று எழுதியவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும். அவரிடம் படித்தவர்கள் அடுத்த ஆண்டுப் பாடத்தில் எப்படி நிற்கிறார்கள் என்றும் விசாரிக்க வேண்டும்.

முக்கியமாக, அரசுக் கல்லூரிகளின் முதலாமாண்டு வகுப்புகளைத் தேடிப் போக வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறி, பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்துவிட்டு, திடீரென்று ஆங்கிலப் பாடநூலின் முன் திகைத்து நிற்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். கருத்தை முதலில் தமிழில் விளக்கி, கலைச்சொல்லை இரு மொழியிலும் கரும்பலகையில் எழுதி, டிசம்பருக்குள் அவர்களைக் கேள்வி கேட்க வைக்கிற ஆசிரியர் செய்வது பெரும்பணி. அவருடைய பெயரை எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் தேடிப் பயனில்லை.

விருது பெற்றபின் என்ன என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. கனடாவில் 1986 முதல் வழங்கப்படும் த்ரீ-எம் தேசியக் கற்பித்தல் விருதாளர்கள் ஒரு கூட்டமைப்பாகவே இயங்குகிறார்கள். கற்பித்தலை மேம்படுத்தும் பணி அவர்களுக்குத் தொடர்கிறது. நம் விருதாளர்களின் வகுப்புகளும் மற்ற ஆசிரியர்கள் வந்து பார்க்கத் திறந்திருக்கட்டும். புதிதாகப் பணியேற்பவர்கள் ஒரு பருவம் அவர்களோடு இருந்து கற்கட்டும். பொன்னாடையும் கேடயமும் ஒருவரைப் பெருமைப்படுத்தும். அவருடைய முறை பிறருக்குப் போய்ச் சேர்ந்தால் பல்லாயிரம் மாணவர்கள் பயன்பெறுவார்கள்.

நல்ல கற்பித்தலுக்கு எவை சான்று என்பதில் இந்த அவை ஒரு தெளிவான வரைவை எட்ட வேண்டும். அதை நம் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் முன் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கை மகிழ்ச்சியுடன் தொடங்கி வைக்கிறேன்.