எம்எக்ஸ்-5 போய் கேமன் வந்த கதை: ஆப்ஷன் லிஸ்ட்டை எப்படிப் படிச்சேன்

போன எபிசோட் கடைசியில "மாஸ்டாவை வித்துட்டேன், கேமன் வாங்கிட்டேன்"னு ஒரு வரி சொல்லிட்டு ஓடிட்டேன். அதுக்கப்புறம் வந்த வாய்ஸ் மெசேஜ்ல பாதிப் பேர் "ஏன் வித்தீங்க"ன்னு கேட்டிருக்கீங்க. மீதிப் பேர் "என்னென்ன ஆப்ஷன்"னு கேட்டிருக்கீங்க. இன்னைக்கு அந்த ரெண்டும்தான். கார் பிடிக்காதவங்க இந்த ஒரு எபிசோடைத் தாராளமா ஸ்கிப் பண்ணலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

புதுசா கேக்குறவங்களுக்கு: நான் மியூனிக்ல சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். நாலு வருஷமா 2017 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வச்சிருந்தேன். 2.0 லிட்டர், 160 குதிரைத்திறன், மேனுவல். எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் மேல. அந்த வண்டியோட கியர் லிவர் மாதிரி ஒண்ணை நான் வேற எதுலயும் தொட்டதில்ல. அப்புறம் ஏன் வித்தேன்? நான் ஆறடி உயரம். 2018-ல வந்த அப்டேட்டுக்கு முந்தின எம்எக்ஸ்-5-ல ஸ்டீயரிங் மேல கீழதான் நகரும், முன்ன பின்ன நகராது. காலுக்கு இடம் வேணும்னு சீட்டைத் தள்ளினா கை எட்டாது. கைக்கு இழுத்தா முட்டி இடிக்கும். ஒரு மணி நேர டிரைவுக்கு அது தெரியாது. நாலு மணி நேரம் ஓட்டிட்டு இறங்கினா இடுப்பு தனியா ஒரு பேச்சு பேசும். அதோட ஆட்டோபான்ல 130-ஐத் தாண்டினா துணி கூரைக்குள்ள காத்துச் சத்தம். வண்டியில இருந்து கால் பேசினா எதிர்ல இருக்கறவங்க "புயல்ல நிக்கிறியா"ன்னு கேப்பாங்க.

அடுத்த வண்டியும் ரெண்டு சீட், மேனுவல், பின் சக்கர டிரைவ். இதுல சமரசம் இல்லைன்னு முடிவு. அம்மாகிட்ட சொன்னப்ப ஒரே கேள்விதான் வந்துச்சு: "ஏன்டா, அதுவும் ரெண்டு சீட்டு, இதுவும் ரெண்டு சீட்டு. எதுக்குடா மாத்தறே?" நியாயமான கேள்வி. இதுல போறது நாலு வருஷ சேமிப்பு. வீட்டுக்கு முன்பணம் கட்டலாமேன்னு நினைக்கிற வயசு. அதனால பழைய வண்டி வித்த காசோட சேர்த்து 48,000 யூரோ, அதுக்கு மேல ஒரு சென்ட் கிடையாதுன்னு கோடு போட்டுட்டுத்தான் தேடவே ஆரம்பிச்சேன்.

தேடினது போர்ஷே 718 கேமன். 2016-ல வந்த மாடல். என்ஜின் சீட்டுக்குப் பின்னாடி, வண்டியோட நடுப்பகுதியில இருக்கும். அதனால முன்னாடி 150 லிட்டர்ல ஒரு டிக்கி, பின்னாடி இன்னொரு டிக்கி. பேஸ் மாடல்ல 2.0 லிட்டர் டர்போ, நாலு சிலிண்டர், 300 குதிரைத்திறன்.

இங்க நம்ம துறை சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துல இந்த வண்டியைப் புதுசா வாங்கவே முடியாது. காரணம் புகை இல்ல, சத்தம் இல்ல, சைபர் செக்யூரிட்டி! ஐ.நா. ஒழுங்குமுறை 155-னு ஒண்ணு இருக்கு. காரை ஹேக் பண்ற ஆபத்தை டிசைன்ல இருந்து விற்பனைக்குப் பிந்தைய காலம் வரைக்கும் கவனிச்சுக்கறோம்னு கம்பெனி நிரூபிக்கணும், அப்பதான் அனுமதி. 2022 ஜூலைல புது மாடல்களுக்கு வந்துச்சு, 2024 ஜூலைல எல்லாப் புது வண்டிக்கும். 718-ஓட எலெக்ட்ரானிக் கட்டமைப்பு பழசு. அதைத் திருத்தி எழுதற செலவுக்கு அந்த வண்டி விக்கிற எண்ணிக்கை ஈடு கொடுக்காது. அதனால இங்க விற்பனையை நிறுத்திட்டாங்க. சிறு எண்ணிக்கை விலக்கு இருந்ததால ஜிடி4 ஆர்எஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு மட்டும் தப்பிச்சுது. லெகசி கோடை யாரும் தொட மாட்டேங்கறாங்க, கடைசியில ப்ராடக்டையே மூடிடறாங்க. இது எத்தனை ஆபீஸ்ல பார்த்திருக்கோம்!

இதனால எனக்கு என்ன? இங்க ஓடற 718-கள் இனிமே ஒரு முடிஞ்சுபோன டேபிள். இன்சர்ட் கிடையாது, செலக்ட் மட்டும்தான். கான்ஃபிகரேட்டர்ல உக்காந்து எனக்குப் பிடிச்ச மாதிரி வண்டி கட்ட முடியாது. முன்னாடி யாரோ ஒருத்தர், ஒரு நாள் சாயங்காலம், தன் காசுல டிக் பண்ணின பெட்டிகள்ல இருந்துதான் நான் பொறுக்கணும்.

நம்ம ஊர்ல கார் வாங்கினவங்களுக்கு இது கொஞ்சம் விநோதமா இருக்கும். அங்க பேஸ், மிடில், டாப்-எண்ட்னு மூணு நாலு வேரியன்ட். சன்ரூஃப் வேணும்னா டாப்-எண்ட் எடு, முடிஞ்சுது. போர்ஷேல சரவணபவன் மெனு கார்டு மாதிரி ஒவ்வொண்ணும் தனி விலை. பேஸ் கேமன்ல க்ரூஸ் கன்ட்ரோல் கூட ஆப்ஷன்தான். ஹீட்டட் சீட் ஆப்ஷன். சீட் பெல்ட்டுக்கு சிவப்பு கலர் வேணுமா, தனிக் காசு. ஏசி காத்து வர்ற தட்டுக்குத் தோல் போர்த்தணுமா, அதுக்கும் காசு. சாவிக்கு வண்டி கலர்ல பெயின்ட் அடிச்சுக் குடுப்பாங்க, அதுவும் லிஸ்ட்ல இருக்கு. சும்மா கிடைக்கறது ஒண்ணு உண்டு: பின்னாடி மாடல் பேரை ஒட்டாம விடறது.

நான் லிஸ்ட்டை ரெண்டாப் பிரிச்சேன். பின்னாடி போட்டுக்கக் கூடியது, போட முடியாதது. அவ்வளவுதான் என் ஃபில்டர். கார்பிளே, நல்ல ஸ்பீக்கர், வீல், ஸ்டிக்கர், ஸ்டீயரிங் உறை எல்லாம் எப்ப வேணா மாத்தலாம். சஸ்பென்ஷன், டிஃப்ரன்ஷியல், கியர்பாக்ஸ், சீட்டோட அமைப்பு எல்லாம் ஃபேக்டரியில வந்தாத்தான் உண்டு. போட்டுக்க முடியும்னு யாராவது சொல்வாங்க. வொர்க் ஷாப்ல கொட்டேஷன் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.

இதுல முதல் இடம் பி.டி.வி.க்கு. வளைவுல உள்பக்கப் பின் சக்கரத்தை லேசா பிரேக் பிடிச்சு வண்டியைத் திருப்பும், அதோட சேர்ந்து ஒரு மெக்கானிக்கல் டிஃப்ரன்ஷியல் லாக்கும் வரும். என் மாஸ்டாவுல லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் இருந்துச்சு. பேஸ் கேமன்ல அந்த லாக் கிடையாது, இந்தப் பெட்டியை டிக் பண்ணாத்தான் வரும். கொச்செல் பக்கம் கெசெல்பெர்க்னு ஒரு மலைப்பாதை இருக்கு, ஹேர்பின் வளைவா வரும். அதுல ரெண்டாம் கியர்ல ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது உள் சக்கரம் சும்மா சுத்துதா, வண்டியைத் தள்ளுதாங்கறதுதான் இதுக்கான பதில். ரெண்டு மடங்குக்கும் மேல காசு குடுத்துட்டு அந்த விஷயத்துல மாஸ்டாவை விடக் கீழ போக எனக்கு மனசு இல்ல. சிக்கல் என்னன்னா போட்டோவுல இது தெரியாது. விக்கிறவருக்கும் பல நேரம் தெரியாது. ஆப்ஷன் கோடு அச்சடிச்ச ஸ்டிக்கரோட போட்டோவைக் கேட்டு வாங்குங்க. அதுல 220-னு ஒரு எண் இருக்கான்னு பாருங்க.

அடுத்தது பி.ஏ.எஸ்.எம்., அதாவது எலெக்ட்ரானிக் டேம்பர். வண்டி 10 மில்லிமீட்டர் தணியும், ஒரு பட்டன்ல இறுக்கிக்கலாம் தளர்த்திக்கலாம். நான் இறுக்கற பட்டனுக்காகக் கேக்கலை. சாதாரண நிலையில அது எவ்வளவு மென்மையா போகுதுங்கறதுக்குத்தான் காசு. நடு கன்சோல்ல ஷாக் அப்சார்பர் படம் போட்ட பட்டன் இருந்தா வண்டியில இது இருக்குன்னு அர்த்தம். ஸ்போர்ட் க்ரோனோ பேக்கேஜ் இன்னும் சுலபம், ஸ்டீயரிங்ல கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் திருகு பட்டன் இருக்கும். மேனுவல் வண்டிக்கு இது அவ்வளவு முக்கியமில்லைன்னு சிலர் சொல்றாங்க. லாஞ்ச் கன்ட்ரோல் எல்லாம் பி.டி.கே. ஆட்டோமேட்டிக்குக்குத்தான், உண்மை. ஆனா ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை முழுசா அணைக்காம கொஞ்சம் தளர்த்தி விடற மோட் இதோடதான் வரும். அது எனக்கு வேணும்.

பி.டி.கே. பத்தி ஒரே வார்த்தை. மேனுவல் 0-100-க்கு 5.1 விநாடி. பி.டி.கே. 4.9, க்ரோனோவும் சேர்ந்தா 4.7. ஆட்டோமேட்டிக்தான் வேகம். எனக்கு வேண்டாம்.

கடைசியில ரெண்டு வண்டி நின்னுச்சு. ஒண்ணு கார்மைன் சிவப்பு. 20 இஞ்ச் வீல், உள்ள முழுக்கத் தோல், போஸ் ஸ்பீக்கர், தலையணையில போர்ஷே முத்திரை, பி.டி.கே. ஆனா பி.டி.வி. இல்ல, க்ரோனோ இல்ல. இன்னொண்ணு வெள்ளை. 2018 மாடல், 41,000 கிலோமீட்டர், மேனுவல், சின்ன வீல், உள்ள கறுப்பு, ஆபீஸ் நாற்காலி மாதிரி ஒரு களை. ஆனா நான் கேட்ட மூணும் இருக்கு. கூடவே 64 லிட்டர் டேங்க்! சாதாரணமா 54 லிட்டர்தான். இதை முதல்ல வாங்கின ஆளை எனக்குத் தெரியாது, ஆனா பார்த்தா கை குடுக்கணும். முழு லிஸ்ட்டையும் உக்காந்து படிச்சிருக்கார். ரெண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் 600 யூரோதான். சிவப்புதான் கூட. புதுசுல சிவப்பு வண்டிக்குப் போட்ட ஆப்ஷன் காசு இதை விடப் பல ஆயிரம் அதிகம் இருக்கும். அந்தக் காசை முதல் ஓனரே கரைச்சுட்டுப் போயிட்டார்.

விக்கிறவர் என்கிட்ட சிவப்பைத்தான் தள்ளப் பார்த்தார். "வெள்ளை போட்டோவுல நல்லா வராது, திரும்ப விக்கும்போது கஷ்டம்"னார். நான் திரும்ப விக்கிறதுக்காக வாங்கலைன்னு சொல்லிட்டு என்ஜின் லாக் கேட்டேன். மேனுவல் போர்ஷே வாங்கப்போறீங்கன்னா இதை மட்டும் மறந்துடாதீங்க. என்ஜின் எல்லை மீறி எத்தனை தடவை சுத்திச்சுன்னு ஈசியு தனித்தனி ரேஞ்சா பதிவு பண்ணி வைக்கும், எந்த ஓட்ட மணி நேரத்துலங்கறது உட்பட. அஞ்சாவதுல இருந்து நாலாவதுக்குப் போக வேண்டியவர் அவசரத்துல ரெண்டாவதுல போட்டா, மேல் ரேஞ்ச்ல அது நிக்கும். எரர் லாக் படிச்சே வாழ்க்கை ஓட்டறவனுக்கு இதை விட அழகான டாக்குமென்ட் கிடையாது. அவர் முதல்ல "தேவையில்லை"ன்னார். நான் கிளம்பற மாதிரி எழுந்ததும் பிரிண்ட் வந்துச்சு. மேல் ரேஞ்ச் எல்லாம் பூஜ்யம். 46,900-க்கு முடிச்சேன்.

இப்ப ரெண்டு மாசம் ஆச்சு. நல்லதை மட்டும் சொன்னா விளம்பரம் ஆயிடும். சத்தம் சுமார்தான். காலையில குளிர்ல ஸ்டார்ட் பண்ணினா பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஞாபகம் வருது. அதுவும் படுத்த நாலு சிலிண்டர்தானே, பங்காளி முறை. இதுக்கு முந்தின தலைமுறை கேமன்ல ஆறு சிலிண்டர், பேஸ்ல 2.7 லிட்டர், 275 குதிரைத்திறன், கேக்கவே சுகமா இருக்கும். ஆனா நல்ல மேனுவல் வண்டிகள் என் கோட்டைத் தாண்டி நின்னுச்சு. 718-லயே ஆறு சிலிண்டர் ஜிடிஎஸ் 4.0 இருக்கு, 400 குதிரை. அதோட விலையைப் பத்தி இந்த வீட்ல பேசறதில்ல.

டர்போ வேற ஒரு பழக்கத்தையும் மாத்திடுச்சு. மாஸ்டாவுல இழுவை வேணும்னா 4,600 ஆர்பிஎம் வரைக்கும் ஏத்தணும், அதுக்காகவே கியர் மாத்திக்கிட்டே இருப்பேன். இதுல 1,950-லயே 380 நியூட்டன் மீட்டர் வந்துடுது. மூணாவதுல போட்டுட்டு சும்மா இருக்கலாம். கியர் நீளமும் ஜாஸ்தி. ரெண்டாவது கியரை முழுசா இழுத்தா ஊருக்கு வெளிய இருக்கற 100 லிமிட் போயிடும், லைசென்ஸும் கூடவே போயிடும். மாஸ்டாவுல 70-ல போனாலே வண்டி சாய்ஞ்சு, குலுங்கி, என்கிட்ட பேசிட்டே வரும். கேமன் அந்த வேகத்துல தூங்குது. நான் தேடித் தேடி வாங்கின டிஃப்ரன்ஷியல் கூட ஹேர்பின்லதான் முழிக்குது. ஞாயித்துக்கிழமை காலையில சும்மா ஒரு ரவுண்டுன்னா, இப்பவும் கை மாஸ்டா சாவியைத்தான் தேடுது.

ஆனா போன வாரம் ஹாம்பர்க் போயிட்டு வந்தேன். ஒரு பக்கம் கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர். ஸ்டீயரிங்கை நெஞ்சு வரைக்கும் இழுத்துக்கிட்டேன், இடுப்பு ஒரு வார்த்தை பேசல. பெரிய டேங்க் புண்ணியத்துல போகும்போது ஒரே ஒரு தடவைதான் பெட்ரோல். வழியில ஒரு கெஸ்ட்கிட்ட அரை மணி நேரம் பேசி அடுத்த எபிசோடுக்குத் தேதி வாங்கினேன். புயல் பத்தி அவர் எதுவும் கேக்கல.

சென்னையில இருந்து ஒருத்தர், ஈசிஆர்ல இந்த வண்டி தாங்குமான்னு கேட்டிருந்தார். ரோடு தாங்கும், ஸ்பீட் பிரேக்கர்தான் பிரச்சினை. அங்க வாங்கறவங்க பி.ஏ.எஸ்.எம்.மோட அந்த 10 மில்லிமீட்டர் தணிவையும் 20 இஞ்ச் வீலையும் ரெண்டு தடவை யோசிங்க. எனக்கு இப்ப அவசரம் குளிர்கால டயர். போர்ஷேக்குன்னு ஒப்புதல் வாங்கின, 'என்' குறி போட்ட டயர்லதான் விலை கேட்டுக்கிட்டு இருக்கேன். யாராவது இந்த வண்டிக்கு 18 இஞ்ச் செட் வச்சிருந்தா, மியூனிக் பக்கம்னா, மெசேஜ் போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.