கேட்டுப் பெறும் மாடு



ஆப்பிரிக்க அறம் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் கொண்ட நிலம் அது. அத்தனையையும் ஒரே மூச்சில் 'ஆப்பிரிக்கப் பண்பாடு' என்று சொல்லிவிட்டுப் போவது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆகவே ஒரே ஒரு சமூகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எத்தியோப்பியாவின் தெற்கிலும் கென்யாவின் வடக்கிலும் மாடு மேய்த்து வாழும் போரானா மக்கள். ஒரோமோ இனத்தின் ஒரு கிளையினர்.

முதலில் அவர்களுடைய கிணற்றுக்குள் இறங்கிப் பார்ப்போம். 'துலா' என்று அதற்குப் பெயர். மாடுகள் நடந்து இறங்கும்படி தரையைச் சரிவாக வெட்டியிருப்பார்கள். சரிவு முடியும் இடத்தில் களிமண்ணால் பூசிய நீர்த்தொட்டி. அதற்கும் கீழே, ஆழத்தில், தண்ணீர். தண்ணீருக்கும் தொட்டிக்கும் நடுவே ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக ஆட்கள் நிற்கிறார்கள். நிறைந்த வாளி கைமாறி மேலே போகிறது, வெறும் வாளி கைமாறிக் கீழே வருகிறது. முன்பு ஒட்டகச்சிவிங்கித் தோலில் செய்த வாளி, இன்று பிளாஸ்டிக். மாட்டைப் புகழ்ந்து பாடிக்கொண்டே இறைக்கிறார்கள். பாட்டு தடுமாறினால் கையும் தடுமாறும், வாளி தவறும். தனியொருவன் எவ்வளவு செல்வந்தனாக இருந்தாலும் அங்கே தன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட முடியாது!

கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மந்தைக்குத் தண்ணீர். எந்த மந்தை எந்த நாளில், யாருக்குப் பின் யார் என்று முறை வைக்க ஒருவர் இருக்கிறார். 'அப்பா ஹெரெகா' என்பார்கள். கிணறு ஒரு குலத்துக்கு உரியது. ஆனாலும் தண்ணீருக்கு விலை கிடையாது. அடுத்த குலத்தார் வந்து கேட்டால், வேலையில் தோள் கொடுத்து, முறைக்குக் காத்திருந்து, தண்ணீர் காட்டிக்கொண்டு போகலாம்.

அன்பர்களே, இதைக் கேட்டதும் 'எவ்வளவு நல்ல மனசு' என்று சொல்லத் தோன்றும். நான் மறுக்கிறேன். நல்ல மனசு ஒரு மழை பொய்த்தால் தாங்கும், இரண்டு பொய்த்தால் ஆட்டம் காணும். போரானாக்கள் மனசை நம்பிக் கிணற்றை விட்டுவிடவில்லை. முறை வைத்தார்கள், முறைக்கு ஆள் வைத்தார்கள், மீறினால் கேட்க அவையும் வைத்தார்கள். அறம் அங்கே ஓர் ஏற்பாடாக நிற்கிறது.

அதனினும் பெரிது 'பூசா கொனோஃபா' என்கிற வழக்கம். வறட்சியிலோ நோயிலோ கொள்ளையிலோ ஒருவன் மந்தையை இழந்துவிட்டான் என்று வையுங்கள். அவன் வீடு வீடாகப் போய்க் கையேந்துவதில்லை. குல அவையில் எழுந்து நின்று தன் இழப்பைச் சொல்கிறான். எப்படி இழந்தாய் என்று விசாரிக்கிறார்கள். நியாயம் இருந்தால், மாடு மிகுந்த வீடுகளைப் பார்த்து, நீ இத்தனை கொடு, நீ இத்தனை கொடு என்று அவையே சொல்லிவிடுகிறது. இருந்தும் கொடுக்காதவனைக் குலம் எளிதில் விடாது. மாட்டைப் பெற்றவன் தலை குனிந்து போக வேண்டியதில்லை. அவனுக்கு வர வேண்டியதுதான் வந்திருக்கிறது. நிவாரணப் பொட்டலத்தை நீட்டும்போது வாங்குகிறவர் முகத்தைப் படம் பிடிக்கிறோமே, அந்த வழக்கத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

இந்த மக்களின் ஆட்சிமுறை 'கதா'. 2016இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தலைவர் 'அப்பா கதா' எட்டாண்டுகள் இருப்பார். பிறகு இறங்கியாக வேண்டும். எட்டாண்டுக்கு ஒருமுறை 'கூமி காயோ' என்னும் பேரவை கூடுகிறது. அந்த அவைக்கு முன் பதவியில் இருக்கும் தலைவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். 2017இல் பொறுப்பேற்ற குரா ஜார்சோ 71ஆவது அப்பா கதா. 2025இல் தவணை முடிந்தது, அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினார்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். கதா பதவிகளில் பெண்களுக்கு இடமில்லை. ஒரோமோப் பெண்களிடம் 'சிங்கே' என்னும் கோல் உண்டு. திருமணத்தின்போது தாய் மகளுக்குக் கொடுப்பது. பெண்கள் அந்தக் கோலோடு திரண்டு நடுவே வந்து நின்றால் சண்டை நிற்க வேண்டும் என்பது வழக்கம். பெரிய வலிமைதான். ஆனாலும் கோல் பிடித்த கைக்கு அவையில் இடம் கொடுக்காதது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

2020 முடிவிலிருந்து போரானா நிலத்தில் அடுத்தடுத்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தன. மந்தை மந்தையாக மாடுகள் மடிந்தன. கொடுக்க வேண்டியவனிடமும் மாடு இல்லை, கேட்க வேண்டியவனிடமும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் இழந்தால் பூசா கொனோஃபா என்ன செய்யும்? பாரம் அரசின் தோளுக்கு வந்தது. எத்தியோப்பியாவின் ஒரோமியா மாநில அரசு தன் பேரிடர் உதவி அமைப்புக்கு அந்தப் பழைய பெயரையே சூட்டியிருக்கிறது. அவையில் எழுந்து நின்று 'எனக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள்' என்று கேட்கும் உரிமையும் அந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறதா என்றுதான் அந்த மக்கள் அரசைக் கேட்க வேண்டும். அவர்கள் கேட்பார்கள் என்று நான் நம்புகிறேன். கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.