பழைய காரும் கதவுத் தகரமும்

பழைய கார் வைத்திருப்பவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்தால் பெரும்பாலும் சொல்லும் குறை இதுதான்: "வண்டி நல்லாத்தான் ஓடுது, உள்ளே உட்கார்ந்து பேசத்தான் முடியலை." 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரி வரை தயாரான மாருதி 800, அதே 2014-இல் நின்றுபோன அம்பாசடர், 2019 வரை வந்துகொண்டிருந்த ஆம்னி என்று எத்தனையோ வண்டிகள் இன்னும் நம் ஊர்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் இரைச்சலையும் சூட்டையும் கையைக் கடிக்காத செலவில் எப்படிக் குறைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு வேண்டுகோள். சத்தத்தைக் குறைக்க ஒட்டும் ஷீட் எதையும் வாங்குவதற்கு முன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வண்டி நிற்கும்போதே உடம்பெல்லாம் அதிர்கிறதா? என்ஜின் மவுண்டிங் ரப்பர் இறுகிப் போயிருக்கலாம், சைலன்சரில் ஓட்டை விழுந்திருக்கலாம். காலியான சாலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் அதே இரைச்சல் தொடர்கிறதா? அது டயரின் சத்தமாக இருக்கும். வீல் பேரிங் தேய்ந்தாலும் அப்படித்தான் ஊளையிடும். அதை உடனே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். இவற்றையெல்லாம் ஷீட்டை ஒட்டி மறைக்கக் கூடாது.

சந்தைக்குக் காய்கறி ஏற்றும் ஒரு தம்பி தன் ஆம்னியைக் கொண்டுவந்தார். தரை முழுக்க ஷீட் ஒட்ட வேண்டும் என்பது அவர் கேட்டது. ஆம்னியின் மூன்று சிலிண்டர் என்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீட்டைத் தூக்கிப் பார்த்தால், என்ஜின் மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. பீடிங்கை மட்டும் மாற்றிக் கொடுத்தோம். சத்தம் அடங்கியதோடு, காலுக்கடியில் அடித்த அனலும் புகை வாசமும் போய்விட்டன. அவர் ஷீட் வாங்கவே இல்லை.

இதற்குப் பின்னால் ஒலியியல் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும். மற்ற தொண்ணூற்றொன்பது பங்கையும் எவ்வளவு கனமாகக் கட்டினாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் சத்தத்தைத் தடுக்க முடியாது. ஆகவே பீடிங்குகளைப் பாருங்கள். என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தகரத்தில் வயர்கள் நுழையும் துளைகளைப் பாருங்கள். அங்கே குரோமெட் என்னும் ரப்பர் வளையம் காணாமல் போயிருந்தால் சில ரூபாயில் வாங்கிப் போட்டுவிடலாம்.

இனி கதவுக்கு வருகிறேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள். கதவின் வெளித்தகரம் அகலமானது, மெல்லியது. விளிம்பில்தான் அதற்குப் பிடிமானம். நடுவில் பெரிதாக ஆதாரம் இல்லை. அதனால் மேளத்தில் கட்டிய தோல் மாதிரி, எந்த அதிர்வு வந்தாலும் தானும் சேர்ந்து முழங்குகிறது. அதுவும் நம் காதுக்குப் பக்கத்தில்! வெளியே நின்று கதவின் நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். "டங்ங்" என்று ஓசை இழுத்தால் அங்கே வேலை இருக்கிறது. "தொப்" என்று அடங்கினால் அந்தக் கதவை விட்டுவிடுங்கள்.

முழங்கும் தகரத்துக்கு மருந்து பியூட்டைல் ரப்பர் ஷீட். 2 மில்லிமீட்டர் கனம் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் பசை போல ஒட்டும் ரப்பர், மறுபக்கம் அலுமினியப் படலம். படலம் பளபளப்புக்காக வைத்தது இல்லை. தகரம் அதிரும்போது ரப்பர் தகரத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு இழுபடுகிறது; அந்த இழுபறியில் அதிர்வின் சக்தி சிறு வெப்பமாக மாறிவிடுகிறது. தகரத்தின் நடுப்பகுதியில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே முழக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். செலவு குறைவதற்கு வழியே இதுதான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம், அவருடைய மாருதி 800 முழுவதையும் ஷீட்டால் மூட வேண்டும் என்று எங்கோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேட்ட தொகை அந்த வண்டியின் விலைக்குச் சமீபமாக இருந்ததாம். நாங்கள் நான்கு கதவுகளின் நடுப்பகுதியில் மட்டும் ஒட்டினோம். கதவைச் சாத்திப் பார்த்தவர், மறுபடி திறந்து மறுபடி சாத்தினார். இப்போதெல்லாம் வானொலிச் செய்தியை வால்யூமைக் கூட்டாமலே கேட்டுக்கொண்டு போகிறேன் என்று பிறகு ஒருநாள் வந்து சொன்னார். எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய கூலி அது.

இதை வீட்டிலேயே செய்யலாம். கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றுங்கள். உள்ளே தெரியும் துளைகள் வழியாகக் கையை விட்டு, வெளித்தகரத்தின் உட்புறத்தைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். எண்ணெயோ தூசியோ இருந்தால் ஷீட் பிடிக்காது. துரு இருந்தால் அதைச் சுரண்டி பிரைமர் அடித்த பிறகுதான் ஒட்ட வேண்டும். கையுறை அவசியம், அலுமினிய விளிம்பு பிளேடு போல வெட்டும். வைத்த ஷீட்டைச் சிறிய உருளையால் அழுத்தித் தேயுங்கள்.

தாய்மார்களே, தம்பிமார்களே, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். மழைநீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கி அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அவற்றை அடைத்தால் தண்ணீர் தேங்கிக் கதவு அழுகிவிடும். டோர் பேடுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாளையும் கிழித்து எறியாமல் திரும்ப ஒட்டுங்கள்.

மலிவாகக் கிடைக்கும் தார் ஷீட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தரையில் போடலாம். கதவிலும் கூரையிலும் வேண்டாம். நம் ஊர்க் கோடையில் வெயிலில் நிற்கும் காரின் கூரைத் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். தார் இளகும், நாறும், வழுக்கி இறங்கும்.

நேரம் நெருங்குகிறது, தரையையும் கூரையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிகளில் ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் உள்ள சணல் விரிப்பு ஈரத்தைக் குடித்துத் தரையை அரித்துக்கொண்டிருக்கும். எடுத்து உலர்த்தி, துருவைப் பாருங்கள். அதன் பிறகு கனமான ரப்பர் மேட் போடலாம். கூரைக்குள் சூடு இறங்காமல் இருக்க, ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ஃபோம் ஷீட்டாகவும் கிடைக்கிறது. அது தண்ணீர் குடிக்காது. பியூட்டைல் அதிர்வை அடக்குமே தவிரச் சூட்டைத் தடுக்காது. தெர்மோகோல் வேண்டவே வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும்.

பீடிங்கைப் பார்த்த பிறகு, டிரைவர் பக்கக் கதவு ஒன்றுக்கு வேண்டிய ஷீட்டை மட்டும் வாங்குங்கள். அதை ஒட்டி, எதிர்க்கதவையும் தட்டி ஓசையை ஒப்பிட்டுப் பார்த்து, திருப்தியாக இருந்தால் அடுத்த மாதம் மற்ற கதவுகளுக்குப் போகலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களில் சிலராவது டோர் பேடைக் கழற்றுவீர்கள் என்று நம்புகிறேன்.