ஊருக்குப் போக நல்ல மாதம் எது?



மல்லாபூரில் பிழைக்க வந்த குடும்பங்கள் பள்ளி லீவு விட்டதும் தமிழ்நாட்டுக்குக் கிளம்பும். லீவு எப்போது? ஏப்ரல் கடைசியில். வெயில் உச்சிக்கு ஏறுவதும் அப்போதுதான். மே மாதம் ஐதராபாத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். சென்னையில் அக்கினி நட்சத்திரம்.

இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2015 மே மாதம் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அனல் காற்று வீசியது. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். வயதானவர்களும் வெயிலில் கூலி வேலை செய்தவர்களும்தான் அதிகம்.

ஜூன் பிறந்தால் ஐதராபாத்துக்கு மழை வரும். மிருகசிர கார்த்தி நாளில் இங்கே மீன் வாங்கக் கூட்டம் கூடுமே, அதுதான் மழைக்கு அடையாளம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும். அது அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதும். கேரளாவில் கொட்டித் தீர்க்கும். மலைக்குக் கிழக்கே உள்ள தமிழ்நாட்டுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஐதராபாத்துக்கு வங்கக் கடலில் உண்டாகும் காற்றழுத்தத் தாழ்வும் மழை தரும். குற்றாலம் மலையடிவாரத்தில் இருப்பதால் ஜூன், ஜூலையில் அருவி விழும். அதைப் பார்க்க அப்போதுதான் போக வேண்டும்.

தசரா லீவில் போகலாமா? இங்கே மழை ஓயும் நேரம் அது. ஆனால் அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. வடகிழக்கில் இருந்து வங்கக் கடலைத் தாண்டி வருகிறது. இங்கே மழை முடியும்போது அங்கே தொடங்குகிறது! சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடும். அதே 2015இல், டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் சென்னை மூழ்கியது. ரயில்கள் நின்றன. விமான நிலையத்தையே மூடினார்கள். நவம்பர், டிசம்பரில் புறப்படுகிறவர்கள் வானிலைச் செய்தி கேட்காமல் மூட்டை கட்டக் கூடாது.

ஜனவரியும் பிப்ரவரியும்தான் நல்ல மாதங்கள். இரண்டு ஊரிலும் மழை குறைவு, வெயிலும் இதம். பொங்கலுக்கு ரயிலில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். பிப்ரவரியில் இடம் கிடைக்கும், ஆனால் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும். எல்லாம் கூடி வருவது எங்கே?

கல்யாணம், காரியம் என்று மே மாதமே போக வேண்டி வந்தால், இரவு ரயிலில் போங்கள். தண்ணீர், மோர் எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தியோ பேதியோ வந்தால், காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அளவு தலை தட்டி இருக்க வேண்டும்.

ஒருவருக்கு உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுக் குழறினால் தாமதிக்க வேண்டாம். நிழலில் படுக்க வையுங்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.