கைக்கடிகாரமும் இனிப்பு நீரும்



நேரம் பார்ப்பதற்கென்று நாம் கட்டிய கைக்கடிகாரம் இன்று நாடித் துடிப்பைச் சொல்கிறது. நடந்த அடிகளை எண்ணுகிறது. தூங்கிய நேரத்துக்கும் கணக்கு வைக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தாய் தந்தையருக்கு இத்தகைய கடிகாரத்தை வாங்கிக் கொடுப்பதைத் தோட்டங்களிலும் காண்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால், அது சொல்வதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கடிகாரம் நாடியை எப்படி அறிகிறது? அதன் அடிப்புறத்தில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மையுடையது. இருதயம் துடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டில் இரத்தம் கூடும். திரும்பி வரும் ஒளி குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே கடிகாரம் நாடியைக் கூறுகிறது. வார் தளர்ந்திருந்தாலும், கை வேகமாக அசைந்தாலும் கணக்குத் தவறலாம். ஆகவே, செம்பனைக் குலை அறுக்கும்போது காட்டும் எண்ணைவிட, உட்கார்ந்து இளைப்பாறும்போது காட்டும் எண்ணே நம்பத்தக்கது. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு வரை இயல்பு.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்கள் 100 பேரில் ஏறக்குறைய 16 பேருக்கு நீரிழிவு, அதாவது இனிப்பு நீர், இருப்பது தெரிய வந்தது. “குத்த வேண்டாம், இரத்தம் வேண்டாம், சர்க்கரை அளவைக் காட்டும்” என்று சொல்லிச் சில கடிகாரங்களையும் மோதிரங்களையும் விற்கிறார்கள். விரலைக் குத்திக் குத்தி அலுத்தவருக்கு ஆசை வருவது இயற்கையே. ஆனால், தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

தவறான எண்ணால் என்ன கேடு வரும்? உண்மையில் சர்க்கரை 5 இருக்கும்போது கடிகாரம் 12 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதை நம்பி ஒருவர் இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால், சர்க்கரை 3.9-க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், பிறகு மயக்கம். தோட்ட வேலையில் வியர்வை புதிதல்லவே! வெயில் களைப்பென்று பக்கத்தில் இருப்பவரும் விட்டுவிடலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழைக்க வேண்டும்.

அப்படியானால் உடம்பில் அணிந்து சர்க்கரையை அளக்கும் கருவியே இல்லையா? இருக்கிறது. புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் வில்லை ஒன்று உண்டு. அதிலுள்ள மெல்லிய இழை தோலுக்குள் இறங்கி, அங்குள்ள நீரில் சர்க்கரையை அளக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கொரு முறை மாற்ற வேண்டும், விலையும் அதிகம். மருத்துவர் ஆலோசனையோடு பயன்படுத்தலாம்.

மற்றவர்களுக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தமே சரியான வழி. கடிகாரத்தை நடைக்கும் நாடிக்கும் வைத்துக்கொள்வோம். மருந்தின் அளவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் கிளினிக்கில் கேட்டே செய்வோம். பெரியவர்களின் சர்க்கரை எண்ணை நோட்டில் எழுதி வைக்கும் பொறுப்பைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டு பெரிதும் உதவும்.