பூங்கா எப்போது திறக்கும், ஆட்டம் எப்போது தொடங்கும்? அறிவிப்பைச் சரியாகப் படிப்போம்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் கைபேசிவழி அரசு சேவைகள் பற்றிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொரோனா காலத்துல நம்ம மலைக்கு வர்றவங்களும் சரி, இங்கே கடை வச்சிருக்கிறவங்களும் சரி, அதிகமா கேட்ட கேள்வி ஒண்ணுதான். "எப்போ திறப்பாங்க?" பீமன் அருவி, கோலப்பன் ஏரிப் படகு, காவலூர் தொலைநோக்கி, கீழே ஊர்ல விளையாட்டு மைதானம், எருது விடும் விழா, எதைப் பற்றிக் கேட்டாலும் இதே கேள்வி. பதில் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் பாதி தப்பாக இருந்தது. இன்னொரு தொற்று வரக்கூடாதுதான். ஆனால் வந்தால் அறிவிப்பை எப்படிப் படிப்பது என்று நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதைப் பற்றித்தான் பேசப் போறேன்.

மத்திய அனுமதி வேறு, மாநில அனுமதி வேறு

முதல் குழப்பம் இங்கேதான் வந்தது. 2020 செப்டம்பர் 30 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில், அக்டோபர் 15 முதல் பொழுதுபோக்குப் பூங்காக்களைத் திறக்கலாம் என்று இருந்தது. உடனே "பூங்கா எல்லாம் திறந்தாச்சு" என்று செய்தி பரவியது. ஆனால் தமிழ்நாட்டில் அனுமதி கிடைத்தது நவம்பர் 10 முதல்தான். கிட்டத்தட்ட நாலு வாரம் இடைவெளி. மத்திய அரசு "திறக்கலாம்" என்று சொன்னால், அந்தத் தேதிக்கு முன்னால் திறக்கக்கூடாது என்று பொருள். அன்றைக்கே திறந்துவிடும் என்று பொருள் இல்லை. மாநில அரசு இங்குள்ள நிலைமையைப் பார்த்துத் தனியாக ஆணை போடும்.

அதேபோல மெரினா கடற்கரை 2020 டிசம்பர் 14 அன்றுதான் மக்களுக்குத் திறந்தது. சினிமா தியேட்டர் திறந்து ஒரு மாதத்துக்கு மேல ஆகியும், காற்றோட்டமான கடற்கரை மூடியே இருந்ததே, ஏன் என்று பலபேர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். தியேட்டரில் பாதி இருக்கைக்கு மட்டும் டிக்கெட் கொடுத்துக் கூட்டத்தை எண்ண முடியும். கடற்கரைக்கோ அருவிக்கோ கதவு கிடையாது. எத்தனை பேர் வருவாங்க என்று யாருக்கும் தெரியாது. எண்ண முடியாத இடம் கடைசியில் திறக்கும். இதை நினைவில் வச்சுக்கிட்டா பாதி அறிவிப்பு தானாகப் புரியும்.

விளையாட்டு படிப்படியாகத்தான் வந்தது

விளையாட்டில் இந்த ஒழுங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். 2020 மே 17 அன்றே விளையாட்டு அரங்குகளைத் திறக்கலாம், ஆனால் பார்வையாளர்கள் கூடாது என்று மத்திய அரசு சொன்னது. முதலில் பயிற்சி, பிறகு ஆளில்லாத ஆட்டம், அதற்குப் பிறகுதான் பாதிக் கூட்டம்.

சேப்பாக்கத்தில் இதை ஒரே மாதத்தில் பார்த்தோம். 2021 பிப்ரவரி 5 அன்று தொடங்கிய இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் ரசிகர்கள் யாரும் இல்லை. அதே மைதானத்தில் 13ஆம் தேதி தொடங்கிய அடுத்த டெஸ்டுக்குப் பாதி இருக்கைகளில் ரசிகர்களை அனுமதித்தார்கள். ஆனால் ஏப்ரலில் ஐபிஎல் மறுபடியும் காலி அரங்கில்தான் நடந்தது. அதுவும் மே 4 அன்று பாதியில் நின்றது. திறந்தது மறுபடி மூடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

நம்ம பக்கத்து எருது விடும் விழாவுக்கும் கணக்கு இருந்தது. 2021 பொங்கலுக்கு ஜல்லிக்கட்டில் 300 வீரர்கள், எருது விடும் விழாவில் 150 பேர், பார்வையாளர்கள் பாதி என்று ஆணை வந்தது. 2022 பொங்கலின்போது மூன்றாவது அலை. பார்வையாளர் 150 பேர் அல்லது பாதி இருக்கை, இரண்டில் எது குறைவோ அது என்று இறுக்கினார்கள். பொழுதுபோக்குப் பூங்காக்களை அந்த ஜனவரியில் திரும்ப மூடினார்கள். போன வருஷ ஆணையை வைத்து இந்த வருஷம் கிளம்பக்கூடாது என்பது இதனால்தான்.

ஒரு மலை, பல நிர்வாகம்

நம்ம மலைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆலங்காயம் வழியாக ஏறுகிறவர் காவலூரைத் தாண்டும்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறார். ஜமுனாமரத்தூர் வந்தால் திருவண்ணாமலை மாவட்டம். வேலூர் மாவட்டத்துக்கும் இந்த மலையில் பங்கு உண்டு. காவலூர் வானாய்வகத்தை நடத்துவது பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். காட்டுக்குள் போகணும்னா வனத்துறை சொல்லணும். ஆகவே "ஜவ்வாது மலை திறந்தாச்சு" என்கிற ஒரு வரிச் செய்திக்கு அர்த்தமே இல்லை. எந்த இடம், எந்த மாவட்டம், யார் சொன்னது என்று கேட்க வேண்டும்.

2021 ஜூனில் மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் 11, இரண்டாவதில் 23, மூன்றாவதில் 4. ஏற்காடு இருக்கும் சேலம் ஒரு வகை, நம்ம திருவண்ணாமலை வேறு வகை. ஒரு மலைக்கான தளர்வு இன்னொரு மலைக்குப் பொருந்தவில்லை.

மேலே இருக்கிறவங்க கணக்கு

வெளியூர் நண்பர்களிடம் ஒன்று சொல்லணும். இங்கே உடம்பு மோசமானால் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ போகணும். அந்த நேரம்தான் உயிருக்கு ஆபத்து. நீங்கள் ஒருநாள் குளித்துவிட்டுப் போவீங்க. நீங்க விட்டுட்டுப் போன தொற்று இங்கேயே தங்கும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கு. தேன், சாமை, பலா விற்கிற மலைவாழ் குடும்பங்களுக்கு ஆள் வராத நாள் வருமானம் இல்லாத நாள். மூடிய தேதி உடனே தெரிந்தது. திறக்கும் தேதி சிக்னல் இல்லாத ஊர்களுக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும். அதனால் நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது இரண்டு. போளூரிலும் ஆலங்காயத்திலும், மலை ஏறும் முன்பே, எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று தேதியோடு பலகை வைக்கணும். மூடும் ஆணையிலேயே அதை மறுபடி எப்போது பரிசீலிப்பார்கள் என்ற தேதியும் இருக்கணும். இதைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுக்கலாம். 1100 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம்.

கைபேசியில் என்ன செய்யணும்?

செய்தி வந்தால் முதலில் மூன்று விஷயம் பாருங்க: தேதி, இடம், வெளியிட்டவர். மூன்றில் ஒன்று இல்லை என்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீங்க.

பிறகு மாவட்ட இணையதளத்திலோ செய்தி மக்கள் தொடர்புத் துறை வெளியீட்டிலோ அதே அறிவிப்பு இருக்கா என்று பாருங்க. இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை 1077க்குப் பேசுங்க. உடல்நலச் சந்தேகத்துக்கு 104.

கிளம்பும் முன் அறிவிப்பையும் அனுமதிச் சீட்டையும் படமாகச் சேமித்துக்கொள்ளுங்க. பாதி வழியில் சிக்னல் போய்விடும். சோதனைச் சாவடியில் "நெட் வரட்டும்" என்று நிற்க வேண்டியிருக்காது.

கைபேசி இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாயால் சொல்லுங்க. இந்த மலையில் அது இன்னும் அவசியம்.

இ-பாஸ் கொரோனாவோடு போய்விட்டது என்று நினைக்காதீங்க. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது திரும்ப வந்தது. இந்த முறை காரணம் நோய் இல்லை, வாகன நெரிசல். 2025 ஏப்ரல் முதல் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 என்று வரம்பே வைத்தார்கள். நம்ம மலைக்கும் கூட்டம் கூடினால் இந்தப் பேச்சு வரலாம். அப்போது, எத்தனை பேரைத் தாங்கும் என்று சொல்ல வேண்டியவர்களில் இங்கே வாழ்கிற நீங்களும் இருக்கணும். அதற்கு ஆணைகளை இப்போதிருந்தே படித்துப் பழகிக்கொள்ளுங்க.