கேள்வியைப் பிரிக்கத் தெரிந்தவர்

கொடுங்கையூர் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். குப்பைமேடு. அந்த ஊரிலேயே குடியிருப்பதால் எனக்கு அது பழகிவிட்டது. இன்று நான் பேச வந்தது பல்கலைக்கழக ஆராய்ச்சி நூலகரின் வேலையைப் பற்றி. அந்த வேலையின் நுட்பத்தைக் காட்ட எங்கள் குப்பைமேட்டைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஓர் ஆராய்ச்சி மாணவி நூலகத்துக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சார், கொடுங்கையூர் பத்தி ஏதாவது புத்தகம் இருக்கா?" என்று கேட்கிறாள். "இல்லைம்மா" என்று ஒருவர் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். அதில் பொய்யும் இல்லை. ஆனால் வேலை தெரிந்த நூலகர் அப்படிச் சொல்ல மாட்டார். "கொடுங்கையூர்ல எதைப் பத்திம்மா?" என்று ஆரம்பிப்பார். நிலத்தடி நீர் என்பாள். தண்ணீரில் எதைப் பார்க்கிறாய், உப்பையா, ஈயம் காட்மியம் போன்ற உலோகங்களையா? குப்பைக்குள்ளிருந்து ஊறி இறங்கும் கசிவுநீர் மண்ணில் எப்படிப் பரவுகிறது என்றா, அந்தத் தண்ணீரைப் புழங்குகிறவர்களின் உடம்பு என்ன ஆகிறது என்றா? மேட்டை ஒட்டிய தெருக்களா, கால்வாய் ஓரமா? எந்த வருஷத்திலிருந்து வேண்டும்?

பத்து நிமிஷப் பேச்சுதான். அதற்குள் இல்லாத ஒரு புத்தகம் இருக்கிற இருபது காகிதங்களாகிவிடும். வேதியியல் இதழ் ஒரு பக்கம், பொதுச் சுகாதார இதழ் இன்னொரு பக்கம். பொறியியல் ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். சட்டம் வேண்டுமானால் 2000-இல் வந்த நகராட்சித் திடக்கழிவு விதிகள், அவற்றின் இடத்துக்கு 2016-இல் வந்த விதிகள், சென்னையிலேயே இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு. கொடுங்கையூரிலிருந்து மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் சுத்திகரித்த கழிவுநீர் வேறு கதை, வேறு அடுக்கு. அதையும் கேட்டு ஒதுக்கிவைக்க வேண்டும். இதே கேள்வியைக் கைப்பேசியில் தட்டிப் பாருங்கள், வீட்டுமனை விளம்பரமும் பஸ் நேரமும்தான் முதலில் வரும்.

இப்படிக் கேள்வியைப் பிரிப்பதற்கு ஒரு முறையைக் கண்டவர் நம் சென்னைப் பல்கலைக்கழக நூலகர்தான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனார். போன புதிதில் வேலை பிடிக்கவில்லை, பழைய இடத்துக்கே திரும்பிவிடப் பார்த்தார். லண்டனுக்குப் படிக்கப் போனதுதான் அவரை மாற்றியது. அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகள், அதே திருகாணிகள், ஆனால் நினைத்ததையெல்லாம் பூட்டி உருவாக்கலாம். அறிவையும் இப்படித் துண்டுகளாக்கி வேண்டியபடி பூட்டினால் என்ன என்று தோன்றியது. அதிலிருந்து வந்தது 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை. அதற்கு முன்பே நூலகங்களில் இருந்த டூயியின் பகுப்பு முறையில் இடங்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும், புத்தகம் அதற்குள் போய் உட்கார வேண்டும். ரங்கநாதன் முறையில் அந்தந்தப் பொருளுக்கு எண்ணைக் கட்டிக்கொள்கிறோம்.

எந்தப் பொருளையும் ஐந்து கோணத்தில் பிரிக்கலாம் என்று பின்னால் வகுத்தார். எது, எதனால் ஆனது, அதில் என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. அந்த மாணவியிடம் கேட்ட கேள்விகளை நினைத்துப் பாருங்கள், அவை இவைதான். உலகெங்கும் ஏராளமான நூலகங்கள் இன்றும் டூயியோடுதான் இருக்கின்றன. அலமாரிப் போட்டியில் ரங்கநாதன் தோற்றார் என்றே வைத்துக்கொள்வோம். வாசகரோடு பேசும் மேசையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. மற்ற நான்கையும் மறந்தாலும் இதை நூலகர்கள் மறக்கக் கூடாது.

எங்கே, எப்போது என்ற இரண்டும் கேட்கச் சுலபமாக இருக்கும். வடசென்னைக்காரர்களுக்குத்தான் அவற்றின் கஷ்டம் தெரியும். திருவொற்றியூரின் பழைய காகிதங்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் செங்கல்பட்டு மாவட்டக் கட்டுகளில் தேட வேண்டும். 1997-க்குப் பிறகு அது திருவள்ளூர் மாவட்டம். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, 2018-இல்தான் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. ஊர் நகரவேயில்லை, அதன் ஃபைல் மட்டும் ஆபீஸ் ஆபீஸாக மாறிக்கொண்டிருந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2014-இல் காமராஜர் துறைமுகம் ஆயிற்று. 2017 ஜனவரியில் அதன் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, அதைப் பற்றிய அறிக்கைகளை ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். இதெல்லாம் எந்தப் பட்டப் படிப்பிலும் முழுசாக வராது. ஒரே துறையில் பத்துப் பதினைந்து வருஷம் உட்கார்ந்து, அந்தத் துறைக்காரர்களோடு பேசிப் பழகினால்தான் வரும்.

அப்படி உட்கார விடுகிறோமா? துறைக்கு ஒரு நூலகர் வைக்கும் வழக்கம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் உண்டு. நம்மூரில் இருக்கிற ஒரே நூலகரும் நாக் என்ற தரமதிப்பீட்டுக் குழுவுக்கு ஃபைல் தயாரித்து, இதழ்களுக்குச் சந்தா புதுப்பித்து, நோ டியூஸ் கையெழுத்துப் போட்டே களைத்துவிடுகிறார். கடைசியில் முத்திரை குத்துகிறவர் என்ற பெயர்தான் மிஞ்சுகிறது. ரங்கநாதன் வேலை பார்த்த ஊரில் இந்த நிலைமை நமக்குப் பெருமை தருவதல்ல.

ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நூலகத்துக்குத் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஊர், ஊரின் பழைய எழுத்துக்கூட்டல், வருஷம், எதை அளக்கப் போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நூலகர் வேலையாக இருந்தால் காத்திருந்து கேளுங்கள். எங்கள் பக்கத்து ஊர்களைப் பற்றி ஆய்வேடு எழுதி முடித்ததும், ஒரு பிரதியை இங்குள்ள கிளை நூலகத்துக்கும் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று நாங்களும் படித்துத் தெரிந்துகொள்கிறோம்.